பேத்தி வந்த வழி

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். சைக்கிளில் வேர்க்கடலை மூட்டை கட்டித் தெருத்தெருவாக விற்று, இன்று செஞ்சியில் சொந்தமாக எண்ணெய் மில் வைத்திருக்கிறேன். என்னால் முடியாத காரியம் என்று ஒன்று கிடையாது. அதனால் என் மகனும் மருமகளும் குழந்தை தத்தெடுக்கப் போகிறோம் என்றதும், ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று மார்தட்டினேன்.

ஆளும் கிடைத்தான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பழக்கமான ஒரு தரகன். "இப்பதான் பொறந்த கொழந்த இருக்குதுண்ணா. பெத்தவங்களுக்கு வசதி இல்ல. நேரா கைல வாங்கிக்கலாம்" என்றான். அரசாங்கம் அனுமதித்த நிறுவனம் வழியாகப் போனால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். ஸ்வீட்டோடு வீட்டுக்கு வந்தேன்.

"அது சட்டப்படி குத்தம், நைனா" என்றான் மகன்.

மருமகள் ஸ்வீட்டைத் தொடவேயில்லை. "மாமா, ஒரு சென்ட் நெலம் வாங்கவே மூலப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் பாக்கறீங்க. புள்ளைக்கு ஒண்ணும் வேணாமா? நாளைக்குப் பெத்தவ வந்து வாசல்ல நின்னா இன்னா பண்ணுவீங்க?"

என்னை வாயடைக்க வைத்த ஒரே ஆள் அவள்தான். அவளைப் பெண் பார்த்துக் கொண்டுவந்தவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நிறுவனத்திலேயே பதிந்தார்கள். குழந்தை வளர ஏற்ற வீடுதானா என்று பார்க்க அங்கிருந்து ஓர் அம்மா வருவதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் பிரியமாகப் புழங்கும் வீடு என்று காட்ட வேண்டாமா? தெருப் பிள்ளைகளையெல்லாம் முறுக்கு கொடுத்துக் கூட்டி வந்து கூடத்தில் நிரப்பினேன். ஒரு வாண்டு என் தோளில் ஏறிக்கொண்டான். வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இத்தனை பேர் இருக்காங்களே ஐயா, அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?"

"ஐயோ மேடம், எல்லாம் தெருப் பசங்க! எங்க நைனா புடிச்சாந்துட்டாரு" என்று மகன் தலையில் அடித்துக்கொண்டான். காரியம் கெட்டது என்று மருமகள் முகம் வெளுத்துவிட்டது.

அந்த அம்மா சிரித்தார். "உங்க மாமனார் தோள்ல அவன் அந்தக் குதி குதிக்கறான். எறங்குடான்னு ஒரு வார்த்தை சொல்லலையே. அதையும் எழுதிக்கறேன்."

காத்திருந்தோம். எனக்குத்தான் அது பெரிய தண்டனை. கடைசியில் போன் வந்தது. பெண் குழந்தை!

அவளைக் கூட்டி வரும்போது கார் ஓட்டியவன் நான்தான். நடப்பவர்கள்கூட முந்திக்கொண்டு போனார்கள். பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரன் அடித்து அலுத்துப்போய்ப் பக்கத்தில் வந்தார்.

"யோவ் பெருசு, கார்ல இன்னா முட்டையா ஏத்திகினு போற?"

"பேத்திய்யா! எம் பேத்தி!" என்று கத்தினேன்.

பஸ்ஸே ஜன்னல் பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட்டினேன்.