ரெண்டு ஆபரேஷனும் ஒரு சஹனும்

“உனக்கு வேற வேலயில்லயாகா? வயித்த வெட்டின கதையெல்லாம் ஒரு கதையா? எந்த ஆபரேஷன் லேசு எண்டு கேக்க, விடியக் காலத்தால வந்து குந்தியிரிக்காய். லேசான ஆபரேஷன் வேணுமெண்டா போய் நகத்த வெட்டிக்க.”

மருதமுனையிலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளை அவள். எவ்வளவு ஏசினாலும் எழும்புவதாக இல்லை. இப்படி ஆட்கள் வந்து கேட்பது எனக்குப் பழகிவிட்டது. பழகியும் களைப்புக் குறையவில்லை. ஒரு பிளேன்டீயை ஊற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். அதையே இங்கேயும் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் கொழும்புக்குப் போய் வயிற்றைச் சின்னதாக்கிக்கொண்டு வந்தார்கள். முதலில் போனது என் தங்கையின் மகள். அவளுக்கு வயிற்றை நெடுக்காக வெட்டி, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் மிச்சம் விட்டிருந்தார்கள். பிறகு போனது என் மகள். அவளுக்குச் சீனி வருத்தமும் இருந்தது, பொல்லாத நெஞ்செரிவும் இருந்தது. தங்கை மகளுக்குச் செய்தது இவளுக்குச் சரிவராது என்றார் டொக்டர். வயிற்றின் மேல்பக்கத்தில் ஒரு முட்டையளவை மட்டும் தனியாகப் பிரித்து, குடலைத் தூக்கி அதில் பூட்டிவிட்டார். எங்கள் வளவுக்குத் தண்ணீர்க் குழாய் பூட்ட வந்தவன் செய்ததும் அதே வேலைதான். அவன் பூட்டியது இன்றும் ஒழுகுகிறது. மகளுடையது ஒழுகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இரண்டு பேருக்கும் ஆக்கிக் கொடுத்தது நான். முதலில் வெறும் கோழிச்சாறு, பிறகு அரைத்தது, பிறகு மசித்தது. பல் முளைக்காத பிள்ளைக்கு ஆக்குவதை, தன் மகளுக்குக் கலியாணம் பேசுகிற வயதில் இருந்தவளுக்கு ஆக்கினேன். மீனும் முட்டையும் முதலில், சோறு கடைசியில். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. வாயில் வைத்தது கூழாகும் வரை மெல்ல வேண்டும். இதெல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு பாதை பிரிந்துவிட்டது. தங்கையின் மகள் பேரீச்சம்பழமும் தின்பாள், ஐஸ்கிரீமும் தின்பாள், அவளை அது ஒன்றும் செய்யாது. ஒன்றும் செய்யாததால்தான் இறங்கின உடம்பு மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. படுத்தால் நெஞ்சு எரிகிறது என்று தலையணைகளை அடுக்கி வைத்து, கதிரையில் குந்தியிருப்பது போல நிமிர்ந்து இருந்துகொண்டு தூங்குவாள். என் மகளுக்கு நெஞ்செரிவு போனது, சீனியும் இறங்கியது. ஆனால் மறந்துபோய் இனிப்பாக ஒரு டீ குடித்தாலும் வேர்த்து, நெஞ்சு படபடத்து, படுக்கையில் விழுவாள். மாத்திரையும் இவளுக்குத்தான் கூடுதல். மௌத்தாகும் வரை விட முடியாதாம்.

இதையெல்லாம் தெருவுக்கு மறைத்தோம். பித்தப்பையில் கல் என்றோம். மகளின் மகளான என் பேத்திக்குச் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பேசி முடிவான நேரம் அது.

“அழகுக்கு வயித்த வெட்டினவட மகளையா எடுக்கப் போறீங்க எண்டு ஆரும் போய்ச் சொல்லிட்டா என்ன செய்ற உம்மா?” என்று மகள் அழுதாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். என் வாய்க்கு அது பெரிய வேலை.

காவின் எழுதிக் கலியாணம் முடிந்தது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டில் வலீமா விருந்து. சோறு சஹனில். பெரிய தட்டத்தைச் சுற்றி இருந்து, அவரவர் முன்னால் உள்ளதை அவரவர் அள்ளித் தின்ன வேண்டும். ஆளுக்கொரு கோப்பை என்றால் கொஞ்சமாகப் போட்டுத் தப்பலாம். சஹனில் தப்ப முடியாது. தின்னாதவரின் முன்னால் சோறு மலை மாதிரி நின்று காட்டிக் கொடுத்துவிடும். பெண்ணின் உம்மாவை மாப்பிள்ளையின் உம்மா தன் சஹனிலேயே பக்கத்தில் இருத்துவாள். அதில் கையை எடுத்தால், அந்த வீட்டையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

“நீ சும்மா மென்டுகிட்டு இரி. உன்ட பக்கத்த நான் பாத்துக்கிறன்” என்றேன்.

“உங்களுக்கும் சீனி வருத்தம்தானே உம்மா?”

“என்ட சீனிக்கு வயசு போயிட்டு. அது எழும்பி வாறதுக்குள்ள நாம வீட்ட வந்திரலாம்.”

மாப்பிள்ளையின் உம்மா நல்ல உடம்புக்காரி, நல்ல மனசுக்காரி. குந்தவே மூச்சு வாங்கினாள். “தின்னுங்க மச்சி, என்ன கோழி மாதிரிக் கொத்துறீங்க?” என்று மகளின் பக்கம் இறைச்சியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அவள் தள்ளத் தள்ள, மகளின் மறுபக்கம் இருந்த நான் என் பக்கம் இழுத்துத் தின்றேன். எதிரே தங்கையின் மகள் தன் பங்குக்கு மெல்ல மெல்லத் தின்றபடி, என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“மாமி நல்லாத் தின்றாங்க, மாஷா அல்லாஹ்” என்றாள் மாப்பிள்ளையின் உம்மா.

“வீட்டில எனக்குத் தாறாங்க இல்ல மகள்” என்றேன் அவளிடம்.

சோறு முடிந்து, முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு அவித்த வட்டிலப்பம் வந்தது. நான் அதை நினைக்கவில்லை. மாப்பிள்ளையின் உம்மா தன் கையாலேயே பெரிய துண்டாக எடுத்து மகளின் வாயருகே நீட்டினாள். சுற்றியிருந்த பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். முழுங்கினாள். இன்னொரு துண்டும் வந்தது.

கை கழுவிக் கொஞ்ச நேரத்தில் மகளின் முகம் வெளுத்துவிட்டது. உள்ளறையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். தலைமுடி நனைகிற அளவுக்கு வேர்வை.

“சீனி குறைஞ்சிட்டு! சீனித் தண்ணி கரைங்க!” என்று யாரோ கத்தினார்கள். எங்கள் ஊர்களில் சீனி வருத்தம் இல்லாத வீடு இல்லை. ஒருத்தர் வேர்த்தால் எல்லோருடைய கையும் சீனி டின்னுக்குத்தான் போகும். தங்கையின் மகள் மகளின் கைப்பையிலிருந்த சீனி பார்க்கிற மெசினை எடுத்து, விரலில் குத்திப் பார்த்தாள். சீனி குறையவில்லை. அதற்குள் மாப்பிள்ளையின் உம்மா பாகு மாதிரிக் கரைத்த கிளாஸோடு வந்து, மகளின் தலையைத் தூக்கினாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

“என்ட கையால குடிக்க மாட்டாவா?” மாப்பிள்ளையின் உம்மாவின் குரல் மாறிவிட்டது.

நான் கிளாஸை வாங்கிக் கீழே வைத்தேன். “கதவச் சாத்துங்க மகள்” என்றேன் மாப்பிள்ளையின் உம்மாவிடம். சாத்தினாள். “இது உங்கட வட்டிலப்பம் செஞ்ச வேல. இவளுக்கு இனிப்பு ஆகா. கொழும்பில வயித்த வெட்டிச் சின்னதாக்கின. பித்தக் கல்லு எண்டு சொன்னது பொய்.”

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பேச்சு வாங்க நான் ஆயத்தமாக நின்றேன். மாப்பிள்ளையின் உம்மா கட்டிலின் ஓரத்தில் குந்தினாள். கட்டில் முனகியது.

“எனக்கும் கிளினிக்ல சொல்லியிரிக்காங்க மாமி, ஆபரேஷன் செய்யச் சொல்லி. பயத்தில வீட்டில ஆருக்கிட்டயும் கதைக்கல்ல.” கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “இந்த வட்டிலப்பம் தின்ன ஏலுமான ஆபரேஷன் எது?”

சிரிக்க எனக்குச் சக்தி இல்லை. இரண்டு பேருடைய சோறு வயிற்றில் கிடந்தது.

“அந்தா நிக்காளே, அவளுக்குச் செஞ்சதில தின்ன ஏலும். தின்டா உடம்பு திரும்பி வரும். இவளுக்குச் செஞ்சதில தின்ன ஏலா. தின்டா இப்பிடிக் கிடக்கணும். ரெண்டுலயும் சோறு கொஞ்சம்தான், நடையும் நடக்கணும், மாத்திரையும் போடணும். எது சரியெண்டு டொக்டரிட்டக் கேளுங்க மகள். வட்டிலப்பத்திட்டக் கேக்காதீங்க.”



“நாளைக்கு எங்கட வீட்ட சாப்பாடு. மறுகாவும் சஹன்” என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடி.

“எனக்கு வைக்காதீங்க மச்சி” என்றாள் மாப்பிள்ளையின் உம்மா. “நான் தின்றதும் பசிக்காக இல்ல. தின்னாட்டிப் பொம்புளைகள் கதைப்பாங்களே எண்டுதான்.”

மகள் மெதுவாகத் திரும்பினாள். “எனக்கு ஏலா உம்மா இனி மறைச்சுக்கிட்டுத் திரிய. சொல்லிடுங்க.”

நாங்கள் ஆட்டோவில் வந்து இறங்கியபோது பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் எங்கள் வீட்டுக் கேட்டடியில் நின்றார்கள். மகளைத் தாங்கிக் கூட்டிப் போவதைப் பார்த்துவிட்டு, “என்ன மூத்தம்மா, சம்பந்தி வீட்ட என்ன நடந்த?” என்று என்னைச் சுற்றிக்கொண்டார்கள். நான் வாசல்படியில் குந்தினேன்.

“கேளுங்க, மறுகா என்னத் தொல்ல படுத்தாதீங்க” என்றேன். “என்ட மகளுக்கு வயித்த வெட்டிச் சின்னதாக்கியிரிக்கி. சம்பந்திக்கும் தெரியும். இனி ஆரும் சாப்பாட்டுக்குச் சொன்னா அவளுக்குச் சின்னக் கோப்பயில ரெண்டு துண்டு மீன் வைங்க. சஹனில இருத்தாதீங்க. இருத்தினா அவட பங்கயும் நான்தான் தின்னணும். இப்ப எனக்குக் குனிஞ்சு செருப்பக் கழட்டவும் ஏலாம இரிக்கி. ஆராவது வந்து கழட்டி உடுங்க.”