கேட்காமல் எடுத்த இருதயம்

மூஸ் மானின் இருதயம் ஒரு கையில் அடங்காது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்த வேண்டும். கறுத்த சிவப்பு, மேற்புறத்தில் மெழுகு உறைந்ததுபோல வெள்ளைக் கொழுப்பு, குளிரறையிலிருந்து எடுத்தால் கல்லைப்போலக் கனக்கும். மொன்றியல் வீட்டின் சமையலறைத் தொட்டியில் அதை முதன்முதலாகக் கழுவியபோது, குதிரையைவிட உயரமான ஒரு மிருகத்தை இவ்வளவு காலமும் ஓடவைத்தது இதுதானா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அதை நான் யாரிடமும் கேட்டு எடுத்து வரவில்லை.

அப்போது லவாலில் ஓர் இறைச்சி வெட்டும் கடையில் எனக்கு வேலை. அதை நடத்தியவர் அறுபதை நெருங்கிய கெபெக் பெண்மணி. எல்லோரும் மதாம் என்று கூப்பிடுவார்கள். வீட்டில் மனைவியோடு கதைக்கும்போது அவர் எனக்கு முதலாளியம்மா. இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர்கள் மூஸை நான்கு பெருந்துண்டுகளாக்கி வண்டியில் கொண்டுவருவார்கள். நாங்கள் வெட்டி, அரைத்து, பொதி கட்டி, அவரவர் இலக்கத்தை ஒட்டிக் கொடுப்போம். தொடையும் முதுகும் எல்லோருக்கும் வேண்டும். நாக்கு, கன்னச் சதை, முழங்கால் எலும்பு, இருதயம் இவற்றைப் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பதில்லை. அவை மேசைக்குக் கீழே ஒரு வெள்ளை வாளிக்குள் போகும். மன்னாரில் ஆடு அடித்தால் குடல்வரை கழுவிச் சமைக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். அந்த வாளியைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

சேர்ந்த முதல் கிழமையே என் அரைகுறைப் பிரெஞ்சில், வாளியில் உள்ளதை எடுக்கலாமா என்று கேட்டேன். முதலாளியம்மா தொலைபேசியில் யாருடனோ வாதிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பாராமலே, ஓம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து மூஸின் நாக்கு என் சாப்பாட்டுப் பையில் ஒரேஞ்ச் லைன் மெற்றோ ரயிலில் வீட்டுக்குப் பயணம் செய்தது.

ஒரு சனிக்கிழமை, உள்ளே இருதயத்தோடு நீலப் பையொன்று கிடந்தது. இலக்கம் ஒட்டியிருக்கவில்லை. அது வாளிக்குள் கிடக்கவில்லை, வாளிக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் எடுத்தேன்.

மறுநாள் பூசை முடிந்து வந்து சமைத்தேன். கொழுப்பைச் சீவி, உள்ளே ஓடும் வெள்ளைக் குழாய்களை வெட்டியெறிந்து, வினாகிரியும் உப்பும் போட்ட தண்ணீரில் ஊறவைத்து, நாருக்குக் குறுக்கே மெல்லியதாய் அரிந்தேன். வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, ஊர்த் தூள் போட்டுப் பிரட்டி, கடைசியில் கட்டித் தேங்காய்ப்பால் ஒரு கரண்டி. உப்புப் பார்க்க ஒரு துண்டை வாயில் போட்டபோது தொலைபேசி அடித்தது. முதலாளியம்மா.

“நீலப் பையில் இருந்த இருதயம் எங்கே? அந்த மூஸைக் கொண்டுவந்த மனிதர் கடை வாசலில் நின்று கத்துகிறார்.”

ஐந்து நிமிடத்தில் திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். என் மனைவி, நான் ஸ்பொன்சர் செய்து ஊரிலிருந்து வந்து நான்கு மாதம். வயிற்றில் பிள்ளை. அந்த வேலை போனால் வாடகைக்கே வழியில்லை.

“எறிஞ்சுபோட்டன் எண்டு சொல்லுவமே? ஆருக்குத் தெரியப்போகுது?” என்றேன்.

அவள் அடுப்பை நிற்பாட்டினாள். “உங்களுக்குத் தெரியும்தானே. சட்டியோட கொண்டுபோய்க் குடுங்கோ.”

முதலாளியம்மாவுக்கு உண்மையைச் சொன்னேன். அவர் தன் காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். இல்-பிசார் தீவில் இருந்த வேட்டைக்காரரின் வீடுவரை, துவாயால் சுற்றிய சட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். சூடு காற்சட்டையைத் தாண்டித் தொடையில் ஏறியது. சட்டியைக் கீழே வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த மனிதர் கதவைத் திறந்து சட்டியைப் பார்த்தார். முகம் சிவந்தது. அது தன் தகப்பன் சுட்ட மூஸ் என்றார். இனித் தகப்பனால் காட்டுக்குப் போகமுடியாது, கடைசி மிருகத்தின் இருதயத்தை வெண்ணெயில் பொரித்துச் சாப்பிட இரண்டு நாளாய்க் காத்திருக்கிறார் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளியம்மா முன்னால் வந்தார்.

“பிழை என்னுடையது. எடுத்துக்கொண்டு போ என்று நான்தான் இவனிடம் சொன்னேன்.”

உள்ளே யன்னலோரக் கதிரையில் மெலிந்த கிழவர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று மேற்சட்டை போட்டிருந்தார். மூடியைத் திறக்கச் சொல்லி, மணந்து பார்த்து, தட்டும் முள்ளுக்கரண்டியும் கேட்டார். முதல் துண்டிலேயே கண் கலங்கி இருமல் வந்தது. மகன் ஓடிவந்து தட்டைப் பிடித்தார். கிழவர் தட்டை விடவில்லை. இன்னொரு துண்டு எடுத்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்துச் சொன்னார்: “நான் சுட்டது சரியில்லைப் போலிருக்கிறது. இது இன்னும் உதைக்கிறது.”

மகன்தான் முதலில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். முதலாளியம்மா வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என்னோடு கோபித்தால் அவர் வேறு கடைக்குப் போவார். உன்னோடு கோபித்தால் நீ எங்கே போவாய்?” கொஞ்ச தூரம் போனபின், “இனிமேல் கேட்டு எடு. நான் தொலைபேசியில் இல்லாதபோது கேள்” என்றார்.

திங்கட்கிழமை முதல் ஒவ்வொரு வேட்டைக்காரரிடமும் அவரே கேட்டார்: நாக்கு வேண்டுமா, இருதயம் வேண்டுமா? வேண்டாம் என்றால் கையெழுத்து வாங்கி என்னிடம் தருவார். ஈரலையும் சிறுநீரகத்தையும் மட்டும் தரமாட்டார். காட்டு மிருகத்தின் ஈரலில் உடம்புக்கு ஆகாத உலோகம் சேர்ந்திருக்கும், வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கா கொடுக்கப்போகிறாய் என்று அதட்டினார். கிழவர் அந்தக் குளிர்காலம் தாண்டவில்லை. ஆனால் அவருடைய மகன் வருடாவருடம் ஒரு நாக்கை என் பெயர் எழுதிக் கொடுத்தனுப்பினார். நான் வேறு வேலைக்குப் போய், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கிக் குடியேறிய பிறகும் அது நிற்கவில்லை.

முதலாளியம்மா இப்போது லவாலில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கடை கைமாறிவிட்டது. மென்று தின்னவேண்டிய சாப்பாட்டை அங்கே அவருக்கு அதிகம் கொடுப்பதில்லை. சென்ற மாதம் நாக்கை நான்கு மணித்தியாலம் அவித்து, தடித்த தோலை உரித்து, மிளகு மட்டும் போட்டு மெல்லிய துண்டுகளாய்க் கொண்டுபோனேன். அவர் என் பெயரை மறந்திருந்தார். முகத்தையும் யோசித்துத்தான் பிடித்தார். ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கி, நாருக்குக் குறுக்கே வெட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அதைத் தட்டில் வைத்துவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார்.

“இது யாருடைய மூஸ்? கேட்டுத்தான் எடுத்தாயா?”

“கேட்டுத்தான் எடுத்தேன், மதாம்.”

அதன் பிறகுதான் முள்ளுக்கரண்டியைக் கையில் எடுத்தார்.