ரேடியேட்டர் பித்தளையில் ஒரு ரேஸ் கார்

ராயபுரத்தில் சுப்புராயனின் ரேடியேட்டர் கடையில் மூன்று பேர் ஈயம் பற்றவைத்தார்கள்; அவர்களில் ஒருத்தி கெங்கம்மா. மற்ற இருவர் பற்றவைத்த ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் ஒருமுறை முக்கி, காற்றடித்துப் பார்த்து, குமிழி வராவிட்டால் லாரியில் மாட்டிவிடுவார்கள். கெங்கம்மா பற்றவைத்தது மட்டும் இரண்டு முறை முங்கும். லாரி டிரைவர்கள்தான் கேட்பார்கள். "பொம்பள வேல. இன்னொரு வாட்டி பாத்துடு நைனா" என்பார்கள். சுப்புராயனும் சிரித்துக்கொண்டே முக்குவார். பதினோரு வருடத்தில் இரண்டாம் முறை ஒரு குமிழிகூட வந்ததில்லை. ஆனாலும் முக்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

தொண்ணூற்றொன்பதில் ஒருநாள், இரண்டாம் முறை முக்கப்போன ரேடியேட்டரைக் கெங்கம்மா தொட்டியிலிருந்து தூக்கித் தரையில் வைத்தாள்.

"ஒரு வாட்டிதான். இல்லாங்காட்டி அவனுங்க ரெண்டு பேருதையும் ரெண்டு வாட்டி முக்கு."

சுப்புராயன் டிரைவரைப் பார்த்தார், கெங்கம்மாவைப் பார்த்தார். எதிர்ச்சாரியில் இன்னொரு ரேடியேட்டர் கடை இருந்தது. அவர்கள் இவளை ஏற்கெனவே இரண்டு தரம் கூப்பிட்டிருந்தார்கள். அன்றோடு அந்த வழக்கம் நின்றது.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. வீடு திருவொற்றியூரில். கணவன் மாரியப்பன் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டினான். எண்ணூர் சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் இரண்டு நாளைக்கு வீட்டுப் பக்கம் வரமாட்டான். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் கெங்கம்மா கேட்டவளின் பிள்ளைகள் என்ன மார்க் வாங்கின என்று திருப்பிக் கேட்பாள்.

இரண்டாயிரத்தொன்றில் ஒரு சனிக்கிழமை, சுங்க ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த பொன்ராஜ் கடைக்கு வந்தான். முதலாளியின் அம்பாசடர் ஒழுகியது. வண்டி தயாராகும்வரை உட்கார்ந்திருந்தவன், பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தான். உள்ளே பஞ்சு வைத்து, முக்கால் சாண் நீளத்தில் ஒரு கார்.

"இன்னாது, பொம்மையா?"

"பொம்ம இல்லக்கா, ரேசு காரு. மரத்துல ரோடு மாரி போட்டு, நடுவுல கோடு மாரி பள்ளம் வெட்டி இருப்பாங்க. முன்னால இந்த நாக்கு அதுல எறங்கும். பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் கரண்டு வரும். கையில ஒரு விசை. அழுத்துனா ஓடும், உட்டா நிக்கும். திருப்பத்துல ஜாஸ்தி அழுத்துனா பறந்துடும். போன வாரம் பறந்துடுச்சு."

மேலே இருந்த மெல்லிய பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றினான். அடியில் பித்தளைத் தகடும் எஃகுக் கம்பியும் சேர்த்துப் பற்றவைத்த சட்டம். அதைத்தான் சேசிஸ் என்றான். வெளிநாட்டிலிருந்து வந்தது. முன்பக்கம் ஒரு பற்று விட்டிருந்தது.

கெங்கம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இத்த பத்தவெச்சவன் அவசரக்காரன். தகடு சூடாவறதுக்கு முன்னாடியே ஈயத்த உருக்கி உட்டுக்கீறான். ஈயம் மேலாக்க குந்திகினு கீது, உள்ள போவல."

லாரி ரேடியேட்டரைப் பற்றவைக்கும், அடுப்பில் காய்ச்சிய பெரிய செப்புக்கட்டியின் ஒரு மூலையால் அதைப் பற்றவைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் பொன்ராஜ் திரும்பி வந்து, வண்டி புதிதாக வாங்கியபோது ஓடியதைவிட நன்றாக ஓடுகிறது என்றான். அது எப்படி என்று அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரியவில்லை. அதனாலேயே ஞாயிற்றுக்கிழமை அவனோடு பஸ் ஏறினாள்.

தென்சென்னையில் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாம் மாடி. குளிரூட்டிய கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு மரத்தளம் வளைந்து வளைந்து கிடந்தது. ஆறு பாதைகள், ஆறு விசைகள். பொன்ராஜ், அந்தக் கூடத்தை நடத்திய ரேஸ் கிளப்புக்கு வந்த பார்சல்களைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுத்தவன். அந்த வழியில் உள்ளே வந்தவன். மற்றவர்கள் எல்லாம் தொழிலதிபர்கள், டாக்டர்கள், அவர்களின் மருமகன்கள். கெங்கம்மா இரண்டு மணி நேரம் சுவரோரம் நின்றாள். எந்தக் கார் முந்துகிறது என்று பார்க்கவில்லை. எந்தத் திருப்பத்தில் எந்தக் கார், எப்படி உதறிக்கொண்டு வெளியே விழுகிறது என்று மட்டும் பார்த்தாள்.

திரும்பி வரும்போது சொன்னாள்: "அல்லாம் வெறப்பா கீது பொன்ராஜு. லாரி குலுங்கசொல்ல ரேடியேட்டர் எங்க வெடிக்கும்? வெறப்பா கீற எடத்துல. கொஞ்சம் அசைய உடணும்."

அன்று தொடங்கியது. செத்த லாரி ரேடியேட்டர்களின் மேல்தொட்டியை வெட்டிப் பித்தளைத் தகடு எடுத்தாள். மண்ணடியில் ஸ்பிரிங் செய்பவரிடம் எஃகுக் கம்பி வாங்கினாள். சக்கரங்கள் ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகாமல் நிற்கவேண்டும் என்றால் அடியில் தட்டையான பலகை வேண்டும்; கல்லறைக் கல் வெட்டுபவரிடம் மூலை உடைந்ததால் கழித்துப்போட்ட ஒரு கருங்கல் கிடைத்தது. கல் சூட்டை உறிஞ்சி, ஈயம் உருகுவதற்குள் உறைந்தது. கல்மேல் சூடு தாங்கும் கேஸ்கெட் ஷீட் ஒன்றை ஒட்டினாள். சரியானது. முதல் சேசிஸ் ஒரே வாரத்தில் துருவேறிப் போனது. ஈயம் பிடிக்கக் கடையில் போடுகிற ஆசிட்டின் வேலை அது என்று கண்டுபிடித்து, அடுத்ததைச் சோடா உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கழுவினாள். இரண்டாவது கோணிக்கொண்டு ஓடியது. மூன்றாவதில் பக்கத் தகடுகள் இரண்டையும் நடுச்சட்டத்தோடு இறுக்காமல், சின்னக் குழாய்க்குள் கம்பி விட்டுக் கதவுக் கீல் மாதிரி ஆடவிட்டாள். கையில் எடுத்து உலுக்கினால் கிலுகிலுவென்று சத்தம் கேட்டது.

"இன்னாக்கா, லொடலொடன்னு கீது" என்றான் பொன்ராஜ்.

"ஓட்டிப் பாரு."

அந்த லொடலொட வண்டி திருப்பத்தில் பசை வைத்ததுபோல் ஒட்டிக்கொண்டு திரும்பியது. நான்கு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து பொன்ராஜ் முதலாவதாக வந்தான். ஐந்தாவது ஞாயிறு, கூடத்துச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. கம்பெனித் தயாரிப்பு இல்லாத சேசிஸ், அதைச் செய்தவர் யார் என்று உறுதியான பிறகே அனுமதிக்கப்படும்.

கிளப் செயலாளர் குமாரவேல் கெங்கம்மாவை நாற்காலி போட்டு உட்காரவைத்தார். குரல் உயர்த்தாதவர்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வெளிநாட்டு சேசிஸை வாங்கி, பேரை அழிச்சிட்டு ஓட்டறாங்கன்னு சில மெம்பர்ஸ் சந்தேகப்படறாங்க. எனக்கு அப்படி இல்ல. வர ஞாயிறு நீங்க இங்கயே உக்காந்து எல்லார் முன்னாடியும் ஒண்ணு செஞ்சு காட்டிடுங்க. மேஜை, பிளக் பாயின்ட் எல்லாம் நானே ஏற்பாடு பண்றேன். பிரச்சினை முடிஞ்சுது."

"இங்க ஓட்றவங்க சேசிஸெல்லாம் செஞ்சவங்கள இட்டாந்து செஞ்சு காட்டச் சொன்னீங்களா சார்?"

"அதெல்லாம் கம்பெனிப் பொருள்மா. பெட்டியிலயே பேர் போட்டிருக்கு."

"எனக்கும் பேரு கீது. நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டேன். செஞ்சு காட்ட மாட்டேன்."

மேஜைமேல் இருந்த காரை எடுத்து டிபன் பாக்ஸில் வைத்து மூடிக்கொண்டு படியிறங்கினாள்.

பஸ்ஸில் பொன்ராஜ் வாயை மூடவில்லை. அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "ஒரு மணி நேர வேலக்கா. உன் கைக்கு அது இன்னா பெரிய விசயம்? அவனுங்க மூஞ்சில கரி பூசிட்டு வந்துடலாமே."

"செஞ்சு காட்டுனா அப்பால இன்னா? அடுத்த வண்டிக்கும் கேப்பான். பதினோரு வருசம் ரெண்டு வாட்டி முக்க உட்டுகினு இருந்தவ நான். போதும்."

"நீ போதும்னுட்ட. ரேசு போறது எனக்கு."

அவன் சொன்னது உண்மைதான். அன்று முதல் பொன்ராஜ் பழைய வெளிநாட்டு சேசிஸையே மாட்டிக்கொண்டு ஓடினான். அதோடு கடைப் பக்கம் வருவதும் நின்றது. கெங்கம்மாவுக்கு அது உறுத்தியது. ஆனால் கிளப்புக்குப் போகவில்லை.

மாரியப்பன்தான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "வண்டி செய்றவ நீ. அவன் கையில குடுத்துட்டு நீ எதுக்கு செவுத்தோரம் நிக்கற? நீ ஓட்டேன்."

"எனக்கு ஓட்டத் தெரியாது."

"எனக்கு மட்டும் ஆத்தா வயித்துலயே டிரெய்லர் ஓட்டத் தெரியுமா?"

கண்டெய்னர் யார்டில் உடைத்த பழைய பெட்டிகளின் தரைப்பலகையை அவனே கொண்டுவந்தான். கப்பலில் கடல்தண்ணீரைத் தாங்கும் கெட்டிப் பலகை. காசிமேட்டில் படகு செய்யும் தச்சர் மாசானம் அதில் பள்ளம் இழைத்துக் கொடுத்தார். முழுத் தளம் போட மொட்டைமாடியில் இடமில்லை. ஒரே ஒரு திருப்பம் மட்டும் போட்டார்கள், நேராகக் கொஞ்சம், அப்புறம் வளைவு. வளைவு முடிகிற இடத்தில் பழைய தலையணை. கரண்டுக்கு லாரி பேட்டரி. கெங்கம்மா அந்த ஒரே திருப்பத்தில் ஒன்றரை வருடம், கடைக்குப் போகுமுன் காலையில் அரைமணி நேரம், விசையை எங்கே விடுவது, எங்கே மறுபடி அழுத்துவது என்று பழகினாள். முதல் மாதம் பூராவும் கார் தலையணையில்தான் கிடந்தது. கீழ்வீட்டு சொக்கம்மாள், மாடியில் என்ன சத்தம் என்று பார்க்க வந்தவள், "இன்னா கெங்கம்மா, புத்தி கித்தி பேஜாராயிடுச்சா?" என்றாள். கெங்கம்மா விசையை அவள் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு சொக்கம்மாளும் வாரம் ஒருமுறை வந்தாள்.

இரண்டாயிரத்து மூன்றில் பெங்களூரில் ஒரு பெரிய போட்டி. யாரும் வரலாம் என்று கேள்விப்பட்டு, பொன்ராஜ்தான் வந்து சொன்னான். கோபம் போய்விட்டதா என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மாரியப்பன் லீவு போட்டான். மூவரும் ரயிலில் போனார்கள்.

பதிவு மேஜையில் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "பேரு?"

"கெங்கம்மா."

"சேசிஸ் எந்தக் கம்பெனி?"

"கெங்கம்மா."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "இல்லம்மா, செஞ்ச கம்பெனி பேரு."

"அதத்தான் சொல்றேன்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு அப்படியே எழுதிக்கொண்டாள். உயரத்தை அளந்தார்கள், எடை போட்டார்கள். எல்லாருக்கும் செய்ததுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இருபத்திரண்டு பேரில் கெங்கம்மா நான்காவதாக வந்தாள். கடைசிச் சுற்றில் நேர்ப்பாதையில் அவளை இரண்டு பேர் முந்தினார்கள். திருப்பத்தில் ஒருவரும் முந்தவில்லை. மாரியப்பன் பக்கத்தில் நின்ற அத்தனை பேரிடமும் இது என் சம்சாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

குமாரவேலும் வந்திருந்தார். ஒன்பதாவது இடம். போட்டி முடிந்து அவராகவே அவளிடம் வந்தார்.

"நீங்க நம்ம கிளப்புக்கே வந்துடுங்கம்மா. செஞ்செல்லாம் காட்ட வேணாம். நான் பாத்துக்கறேன்."

"எனக்கு மட்டும் வேணாமா, யாருக்குமே வேணாமா?"

அவர் யோசித்தார்.

"செவுத்துல ஒட்டுன பேப்பர கிழிச்சிட்டு சொல்லி அனுப்புங்க, வரேன்" என்றாள்.

அதற்கு அவர்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. மெம்பர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். இருவர் கிளப்பைவிட்டே விலகினார்கள். பொங்கல் கழிந்து பொன்ராஜ் வந்து, பேப்பரை எடுத்துவிட்டார்கள் என்றான். "நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றான். அதன் பிறகே போனாள்.

அந்த முதல் ஞாயிறு நன்றாக அமையவில்லை. இரண்டாம் சுற்றிலேயே பக்கத்துப் பாதைக் கார் இடித்து, அவள் கார் தளத்தைவிட்டுப் பறந்து தூணில் மோதியது. முன்பற்று விட்டுப்போனது. குமாரவேல் தன்னிடம் இருந்த புது வெளிநாட்டு சேசிஸ் ஒன்றை நீட்டினார். கெங்கம்மா வேண்டாம் என்று தலையசைத்து, பிளக் எங்கே என்று கேட்டாள். பையிலிருந்து பற்றவைக்கும் சின்ன மின்கட்டியை எடுத்துச் சூடேற்றி, ஜன்னல் திட்டில் வைத்துப் பற்றவைக்கத் தொடங்கினாள். ஒருவர் பின் ஒருவராக மெம்பர்கள் வந்து சுற்றி நின்றார்கள்.

அவள் தலையைத் தூக்கவில்லை. "வெளிச்சத்த மறைக்காதீங்க சார். தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார்கள். அன்று அவள் கடைசியாகத்தான் வந்தாள். கட்டியை ஆறவைத்துப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த வாரப் பட்டியலில் தன் பெயரை எழுதிவிட்டுக் கிளம்பினாள்.