தெய்வானையின் குடம்

மகளின் சீர்ப் பாத்திரங்களில் பேர் வெட்டக் கொடுத்துவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். உளிச் சத்தம் கேட்டதும் அக்காவின் குடம் நினைவுக்கு வந்தது.

சிறுவயதில், பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்தில், எதிர்வீட்டு மாமா உளியைச் சாய்த்துப் பிடித்து மெல்லத் தட்டி எழுத்தை வளைப்பதைப் பார்த்துப் பார்த்தே நானும் பழகியிருந்தேன். "கண்ணு, என்ற பொழப்பக் கெடுத்துருவ போல!" என்று சிரிப்பார்.

அக்கா தெய்வானையின் கல்யாணக் குடத்தில் அவர் 'தெய்' வரை வெட்டியிருந்தபோது, அக்கா காய்ச்சலில் போய்விட்டாள்.

குடத்தை முருகன் கோயிலுக்குக் கொடுத்துவிட அப்பா நினைத்தார். "மீதியையும் வெட்டிக் குடுங்க. பாதிப் பேரோட எம்புள்ளைய முருகன்கிட்ட எப்படீங்க அனுப்பறது?" என்று மாமாவிடம் கேட்டார்.

உளியை எடுத்த மாமா அதைக் குடத்தில் வைத்ததும் நிறுத்திவிட்டார். "என்னால முடியலீங்க" என்று அழுதார். நான்தான் வாங்கி வெட்டி முடித்தேன்.

இன்றும் அபிஷேகத்துக்கு அந்தக் குடத்தில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். என் கோணல் எழுத்தில் அது வழியும்போது எனக்குச் சாமி முகம் தெரிவதில்லை.