கண்டவர் இருவர் வேண்டும்

ஓவசியர் அண்ணை காலமான செய்தி, பாரிசின் லா சப்பலில் நான் வேலை செய்யும் நகைக்கடையைத் திறந்துகொண்டிருந்தபோது வந்தது. புறநகரான ஸ்தேனிலிருந்து அவருடைய மகள் அழைத்தாள். "அக்கா, அப்பா விடிய மோசம் போயிட்டார். கொப்பியளை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர்." இந்த ஆண்டில் இப்படி வந்த நான்காவது அழைப்பு. அழக்கூட அலுப்பாக இருந்தது.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் கொப்பிகளையும் தெரியும். வன்னியில் குளங்களைப் பராமரிக்கும் ஓவசியராக இருந்தவர், பாரிசில் இருபத்தெட்டு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரூ பெர்தொனே தெருவில் ஒரு தேநீர்க்கடை மூலையில் இருந்து அந்தக் கொப்பிகளில் வன்னியின் வரலாற்றை எழுதினார். யார் குளம் திருத்தினார், யார் பள்ளிக்கூடம் தொடங்கினார், யார் முதல் பேருந்தை ஓட்டினார் என்று ஆளுக்கொரு பக்கம். நான் அதைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன்.

ஒரு விதி வைத்திருந்தார். ஒருவர் புத்தகத்தில் சேர, அவர் செய்ததைக் கண்ணால் கண்ட இருவர் சொல்லவேண்டும். சொந்தக்காரர் சொன்னால் செல்லாது. லெ பிளாங்-மெனிலில் இருந்து ஒருவர் தன் பாட்டனாரின் பெரிய படத்தோடு வந்தார். "படம் வடிவாயிருக்கு. அவர் செய்ததை ஆர் கண்டது?" என்று கேட்டார் அண்ணை. வந்தவர் தேநீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

எனக்கும் அதே கதிதான். என் அப்பா வன்னியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி. மலேரியாக் காலத்தில் காட்டுப்பாதையால் சைக்கிளில் மருந்து கொண்டுபோனவர். "உம்மடை அப்பாவுக்கு ஒராள்தான் இருக்கு, பிள்ளை. இன்னும் ஒராள் வேணும்," என்றார் அண்ணை. சம்பளமில்லாமல் தட்டச்சுச் செய்கிற எனக்கே இந்தச் சட்டமா என்று கோபம். இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. திரும்பிப் போனபோதும் சும்மா இருக்க முடியவில்லை. "அப்ப உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கோவன்," என்று குத்திக்காட்டினேன். "எனக்கு நானே சாட்சியோ?" என்று சிரித்தார்.

செத்தவீடு முடிந்தபின் கொப்பிகளைத் திறந்தேன். எனக்குக் காட்டாமல் அப்பாவுக்கென்று தொடங்கியிருந்த பக்கத்தில், 'கண்டவர்' என்ற இடத்தில் ஓவசியர் அண்ணையின் கையெழுத்து. காய்ச்சலில் கிடந்த அவருக்கே அப்பா மருந்து கொண்டுபோயிருக்கிறார். அதன் கீழே, இரண்டாவது சாட்சி தேடி அவர் தொலைபேசியில் பேசியவர்களின் பெயர்கள். ரொறன்ரோ, ஒஸ்லோ, லண்டன் என்று பதினேழு பேர். எல்லாப் பெயர்களும் வெட்டப்பட்டிருந்தன. சிலவற்றின் அருகே 'காலமாகிவிட்டார்' என்று இருந்தது. அந்த ஒராள் தான்தான் என்று சொன்னால் நான் சலுகை கேட்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்பாவுக்கு இனி ஆள் கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. கொப்பிகள் என் வீட்டில் இருக்கின்றன, விதியும் அப்படியே இருக்கிறது. கடைசிக் கொப்பியில் அண்ணைக்கு ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறேன். அது வன்னியில், எனக்குப் பத்து வயதில் நடந்தது. மாரி மழையில் குளக்கட்டு கரைந்துகொண்டிருந்தது. தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக் கதவு இறுகிவிட்டது. அண்ணை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். மூன்றாம் முறை மூழ்கியபோது கதவு திறந்தது, கீழே இருந்த ஊர் தப்பியது. நான் கண்டேன். நான் அவருக்குச் சொந்தமில்லை.

அன்று கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் நின்றீர்கள். யாராவது இருந்தால் சொல்லுங்கள். இன்னும் ஒருவர் வேண்டும்.