கதவு மணிக்குத் தேய்த்த செம்புப் பலகைகள்

ஊரடங்கில் எல்லோரும் காய்ச்சலுக்குப் பயந்தார்கள். எங்கள் உம்மா வெறிச்சோடிய தெருவுக்குப் பயந்தாள். காரணம் தம்பி. ஐந்து வயதாகியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. கதவு திறந்திருந்தால் போதும், சத்தமில்லாமல் இறங்கிக் கால்வாயைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடுவான். தண்ணீரைக் கண்டால் அவனுக்கு வேறெதுவும் வேண்டாம். முன்பெல்லாம் மேலப்பாளையத்தில் எங்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் யாராவது அவனைத் தூக்கிவந்து விட்டுவிடுவார்கள். இப்போது தூக்கிவர ஆளில்லை. போதாததற்கு, அணையைத் திறந்து கால்வாயில் தண்ணீர் விடப் போகிறார்கள் என்று வேறு பேச்சு அடிபட்டது.

தாழ்ப்பாளை நாற்காலி போட்டு ஏறித் திறக்க அவன் கற்றிருந்தான். பூட்டிவைத்தால் அவசரத்துக்குச் சாவியைத் தேடவேண்டி வருமே என்று அதற்கும் உம்மா பயந்தாள். துபாயிலிருந்து வாப்பா முன்பு அனுப்பிய, கதவு திறந்தால் அடிக்கும் மணி அலறிய அலறலில் தம்பி காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதினான். அன்றே அது பரணுக்குப் போயிற்று.

எங்களுக்கு மூத்தவள் ராத்தா பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். “நான் ஒண்ணு செய்யுதேன்மா. கதவு தொறந்தா அடுக்களையில மட்டும் பைய சத்தம் கேக்கும்” என்றாள்.

கடைகள் மூடியிருந்தன. கல்லூரியில் கழித்துப் போட்ட பழைய பலகைத் துண்டுகள் சில அவள் பெட்டியில் கிடந்தன. ஒரு பக்கம் மட்டும் மெல்லிய செம்புத் தகடு ஒட்டியவை. செம்பு கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்திருந்தது. அதன்மேல் மார்க்கர் பேனாவால் கோடு வரைந்து, செம்பை அரிக்கும் மருந்தில் போட்டால், கோட்டுக்கு அடியில் இருக்கும் செம்பு மட்டும் தங்கும், மற்றதெல்லாம் கரைந்துபோகும். அந்தக் கோடுகள் வழியாகத்தான் மின்சாரம் ஓடும்.

முதல் பலகையை உப்புத்தாளால் தேய்த்து வரைந்தாள். மருந்தில் போட்டதும் கோடுகளே உரிந்து வந்தன. ராத்தாவின் முகம் சுண்டிப்போயிற்று. மருந்து இன்னும் ஒரு தடவைக்குத்தான் காணும்.

இரண்டாவது பலகையை உம்மா வாங்கிக்கொண்டாள். செம்புக்குடம் விளக்குகிற மாதிரி புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தாள். கறுப்பு விலகிச் சிவப்பு தெரிந்தது. பிறகு நான் உப்புத்தாளால் பைய தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவினேன்.

“ஏளா, நடுவுல விரல் படாம ஓரத்தைப் பிடி. ஒன் கையில இருக்க எண்ணெ ஒட்டுனாலே போச்சு” என்று ராத்தா அதட்டினாள். “தண்ணி ஊத்திப் பாரு. முத்து முத்தா நிக்குதா?”

நின்றது. மறுபடியும் தேய்த்தேன். தண்ணீர் எங்கும் திரளாமல் கண்ணாடிபோல் ஒரே பரப்பாகப் படர்ந்த பிறகுதான் அவள் பேனாவைத் திறந்தாள்.

புறவாசலில் பிளாஸ்டிக் தட்டில் மருந்தை ஊற்றிப் பலகையை அமிழ்த்தினாள். தட்டை அவள் ஆட்ட ஆட்ட, பழுப்புத் தண்ணீருக்கடியில் செம்பு ஓரத்திலிருந்து மறையத் தொடங்கியது. இம்முறை கோடுகள் அசையவில்லை. நாங்கள் மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது உம்மாவின் குரல் கேட்டது.

“புள்ளயக் காணோம்ளா! கதவு தொறந்து கெடக்கு!”

அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். தெருமுனையில் போலீஸ்காரர் ஒருவர் தடியை நீட்டி, “எங்கன போறீய? உள்ள போங்க!” என்று கத்தினார். “தம்பி வாய்க்கா பக்கம் போய்ட்டான் சார், பேச்சு வராது” என்றாள் ராத்தா. அவர் தடியைக் கீழே போட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் ஓடினார்.

அன்று காலையில்தான் கால்வாயில் தண்ணீர் வந்திருந்தது. தம்பி தண்ணீருக்கு மேலே தெரிந்த கடைசிப் படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அதற்கு அடுத்த படி கண்ணுக்குத் தெரியவில்லை. போலீஸ்காரர் அவனைத் தூக்கி உம்மாவிடம் கொடுத்தார். உம்மா அவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். வீடு வரும்வரை அவன் ஈரக்காலைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள்.

புறவாசலில் பலகை மருந்திலேயே கிடந்தது. ஊறியதில் இரண்டு கோடுகள் அரித்து அறுந்திருந்தன. ராத்தா அதைக் கழுவி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, அறுந்த இடங்களில் மெல்லிய கம்பியை வைத்து ஈயத்தால் பற்றவைக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் மதியம் மணியை அடுக்களையில் மாட்டி, விலகினால் அதை ஒலிக்கவைக்கும் காந்தத்தைக் கதவில் ஒட்டினாள். நான் கதவைத் திறந்தேன். அடுக்களையில் வண்டு முரல்வதுபோல் ஒரு சத்தம். தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இன்னொரு தடவ தொறளா” என்றாள் உம்மா. திறந்தேன். “இன்னொரு தடவ.” அப்போதும் கேட்டது.

உம்மா அடுப்புக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் சாய்ந்தாள். சோறு கொதித்துக்கொண்டிருக்க, அப்படியே தூங்கிப்போனாள். அந்தக் காய்ச்சல்தான் வந்துவிட்டது என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. கூப்பிட வாயெடுத்தபோது ராத்தா என் கையைப் பிடித்தாள்.

“எழுப்பாத.”

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை உம்மாவுக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பகலில் உம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. இரவில் அவள் தூங்கி யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.