சம்பந்தியின் மலை

என் பேத்தி வேறொரு கிழவரின் மடியில் இருப்பதைப் பார்த்துத்தான் தென் திரோலின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். அறிவுத் தாகம் என்று கேட்பவர்களிடம் சொல்லுவேன். அது பொய்.

தென் திரோல் இத்தாலியின் வடக்கு விளிம்பில் உள்ள மலைநாடு. என் மகன் அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறான். அந்த ஊர் அப்பிள் தோட்டக்காரர் ஒருவரின் மகளைக் கட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியில் முகம் காட்டுவார்கள். பேத்தி வந்து, "அப்பப்பா, சாப்பிட்டியளோ?" என்று கேட்பாள். நான் ஓம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஓடிப்போய்ச் சம்பந்தியின் மடியில் ஏறிவிடுவாள். அவளிடம் நூற்றுப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்கள் இருந்தன. அவரோடு அவள் ஜேர்மன் மொழியில் கதைப்பதை எண்ண முடியவில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லை. அவருக்குப் பின்னால் யன்னலில் ஒரு மலை. எங்கள் பக்கம் தட்டை நிலம்; கீரிமலை என்ற கடற்கரையூரின் பெயரில் மட்டும்தான் மலை இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டு முப்பத்தொரு வருடம் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் கோப்புப் பார்த்தவன் நான். அந்த மனிதரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்குமென்றால் அது படிப்புத்தான். மூன்று வருடத்தில் பதினான்கு நூல்கள் படித்தேன். அவற்றில் ஒன்பதைக் கைபேசியின் சிறிய எழுத்தில் படித்ததால் கண்ணாடி இரண்டு தரம் மாற்ற வேண்டி வந்தது.

படிக்கப் படிக்கப் பொறாமை ஓர் ஆளோடு நிற்கவில்லை. நாடு முழுவதற்கும் பரவியது. ஒஸ்திரியாவோடு இருந்த அந்த நிலம் முதலாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலிக்குப் போனது. ஜேர்மன் மொழி பேசியவர்களுடைய பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, ஊர்ப்பெயர்கள் மாற்றப்பட்டன, கல்லறை எழுத்துக்கும் தடை வந்தது. அதுவரையும் எனக்குப் பழக்கமான கதைதான். பிறகு வந்ததுதான் என்னைச் சுட்டது. இரண்டு நாட்டாரும் ஜேர்மன் மொழியின் உரிமைக்கு ஒப்பந்தம் எழுதினார்கள்; இழுத்தடித்தார்கள், குண்டும் வெடித்தது, ஆனால் கடைசியில் நிறைவேற்றினார்கள். இன்று ஜேர்மன், இத்தாலியம், பள்ளத்தாக்குகளில் மட்டும் வாழும் லதின் என்ற சிறுமொழி, ஆக மூன்று மொழிக்காரர் அங்கே இருக்கிறார்கள். வெவ்வேறு பள்ளிக்கூடம், ஒரே சந்தை. மகனிடம் தெருப் பலகைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நாற்பது பலகைகள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லையென்று மகன் சத்தியம் பண்ணினான். எங்கள் அரச பலகைகளில் தமிழ் படும் பாட்டை நினைத்து அன்று இரண்டாம் தேநீர் குடிக்கவில்லை.

சென்ற வருடம் பேத்திக்கு ஆறு வயதாகிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் காலம் வந்தது. ஜேர்மன் பள்ளிக்கூடமா, இத்தாலியப் பள்ளிக்கூடமா என்று பெற்றோர்தான் தீர்மானிக்க வேண்டும். மகன் முதல் தடவையாக என் கருத்தைக் கேட்டான்.

"வாற ஞாயிறு சொல்லுறன்" என்றேன். உண்மையில் அப்போதே முடிவு செய்துவிட்டேன். இத்தாலியப் பள்ளிக்கூடம். பிள்ளை நாள் முழுக்க இத்தாலியம் கதைத்துவிட்டு வந்தால் சம்பந்தியின் மடி கொஞ்சம் காலியாகும். அவரும் என்னைப்போல மொழிக்கு வெளியே நிற்பார். இதற்கு வரலாற்றிலிருந்து ஏழு காரணங்கள் திரட்டினேன். பெரும்பான்மையின் மொழி தெரியாத சிறுபான்மை முன்னேறாது என்பது முதலாவது.

ஒத்திகையாக அதை என் மனைவிக்குச் சொன்னேன். அவ வாழைப்பூவை ஆய்ந்துகொண்டிருந்தா.

"இஞ்சாருங்கோ, உங்கடை மகனைச் சிங்களப் பள்ளிக்கூடத்திலை விடச் சொல்லி ஆரும் வந்திருந்தால்?"

"படலைக்குள்ளை விட்டிருக்க மாட்டன்."

"அப்ப அந்தச் சனத்துக்கு மட்டும் என்ன நியாயம் சொல்லுறியள்?"

"அது வேறை, இது வேறை."

"ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த மனிசன்ரை மடிதான் உங்களுக்குக் குத்துது. உங்கடை அப்பாவும் இப்பிடித்தான். இணுவிலிலை இருந்து சைக்கிளிலை வந்து, என்ரை அப்பா தம்பியைத் தூக்கி வைச்சிருந்தால் தண்ணியும் குடியாமல் திரும்பிப் போவார்."

'தம்பி' என்றது எங்கள் மகனை. நான் இருப்பதே அவவின் சீதன வீட்டில், நீர்வேலியில். எங்கள் வழக்கப்படி பிள்ளை தாயின் ஊரில்தான் வளரும்; தகப்பனுடைய தகப்பன் விருந்தாளி. ஆல்ப்ஸ் மலைக்குப் போனாலும் அந்தச் சட்டம் மாறவில்லை. ஆனாலும் ஏழு காரணங்களில் ஒன்றையும் நான் வெட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியும் மகனுக்குப் பக்கத்தில் இருந்தார். நான் தொண்டையைச் செருமினேன்.

"அப்பா, முதல்லை ஒண்டு சொல்லுறன்," என்றான் மகன். "மாமா இத்தாலியப் பள்ளிக்கூடம் எண்டுதான் நிக்கிறார். தனக்கு இத்தாலிய ஆமியிலை இருக்கேக்கை சுகமில்லாமல் வந்ததாம். எங்கை நோகுது எண்டு டொக்டருக்குச் சொல்ல இத்தாலியம் தெரியேல்லையாம். பிள்ளைக்கு அந்த நிலைமை வரக்கூடாதாம். தன்னோடை கதைக்கிறது குறைஞ்சாலும் பரவாயில்லையாம்."

சம்பந்தி தலையசைத்தார். பேத்தி அவருடைய சேட்டுப் பொத்தானைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

நான் பறிக்கத் திட்டமிட்டதை அந்த மனிதர் தானாகவே கொடுத்துக்கொண்டிருந்தார். பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டார். அது எனக்குப் பொறுக்கவில்லை. வாய் திறந்தபோது வந்தது ஏழு காரணங்களில் எதுவும் இல்லை.

"கூடாது. ஜேர்மன் பள்ளிக்கூடத்திலைதான் விடவேணும். இத்தாலியத்தை அங்கையும் படிப்பிக்கினம். தடை இருந்த காலத்திலை வைக்கோல் அறையிலையும் குசினி அடுப்படியிலையும் ஒளிச்சு வைச்சுப் பிள்ளையளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்திருக்கினம். பிடிபட்ட ரீச்சர்மார் மறியலிலை அடைபட்டிருக்கினம். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்தின பள்ளிக்கூடத்தை இப்ப தாங்களாய் விடுறதோ? அவருக்குச் சொல்லு."

மகன் சொன்னான். சம்பந்தி பேத்தியின் கையைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தார். பிறகு மெதுவாக எதையோ சொன்னார்.

"தன்ரை அம்மா அப்பிடி ஒரு குசினியிலை படிச்சவவாம். உங்களுக்கு இது எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறார்."

"படிச்சனான் எண்டு சொல்லு."

"என்னத்துக்காம்?"

நான் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தேன். அவ சிரிப்பை அடக்கிக்கொண்டு கைபேசியைக் கையில் வாங்கி, "பொழுது போகேல்லையாம் தம்பி," என்றா.

சம்பந்தி தன் மகளைக் கூப்பிட்டு நாலு வசனம் கதைத்தார். அவ்வளவுதான். அப்பப்பா சொல்வதே சரி, ஜேர்மன் பள்ளிக்கூடம் என்று முடிவானது. அந்த வீட்டில் என் சொல் எடுபட்ட முதல் நாள் அது. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

இத்தாலியப் பள்ளிக்கூடம் கீழே நகரத்தில் இருக்கிறது என்பதையும், அதற்கென்றால் மகன் காரில் கொண்டுபோய் விட்டிருப்பான் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். ஜேர்மன் பள்ளிக்கூடம் சம்பந்தியின் தோட்டத்துக்கு அந்தப் பக்கம், நடக்கிற தூரம். அவர்தான் கூட்டிப் போகிறார். புத்தகப் பையை அவர் தோளில் போட்டிருக்கும் படத்தை மகன் அனுப்பியிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். பேத்தியின் கை அவருடைய இரண்டு விரலைப் பிடித்திருந்தது.

அங்கே பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம் இங்கே எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு நான் அந்த வழியை நடக்கிறேன்.

"அவை போய்ச் சேர்ந்திட்டினமோ?" என்று மனைவி கேட்பா. "சோறு ஆறுது."

"இல்லை," என்பேன். "இப்பதான் தோட்டத்து வேலியைத் தாண்டுகினம்."